பட்டியலில் பெயர் இருக்கிறது, பாட்டிக்குத்தான் தெரியாது

2025 ஆகஸ்டு 31-ஆம் தேதி, 18 வயதைக் கடந்த மலேசியர் ஒவ்வொருவரின் மைகார்டிலும் அரசாங்கம் 100 ரிங்கிட் போட்டது. சுமார் 2 கோடியே 20 லட்சம் பேருக்கு 'சாரா' உதவி. விண்ணப்பம் இல்லை, பாரம் நிரப்பும் வேலை இல்லை. கடையில் கார்டை நீட்டினால் அரிசி, மாவு, எண்ணெய். எல்லோரும் ஒரே நேரத்தில் கார்டை நீட்டியதில் முதல் நாளே பணம் செலுத்தும் முறை திணறிப்போனது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் அந்த வாரம் வேறு பேச்சே இல்லை. ஜாலான் துன் சம்பந்தனில் மாலை கட்டுகிற அம்மா தொடங்கி, அஞ்சடி நடைபாதையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் தாத்தா வரைக்கும் அந்த நூறு வெள்ளியை அறியாதவர் இல்லை. எந்தக் கடையில் வாங்கலாம், மைலோ கிடைக்குமா, டிசம்பருக்குள் முடித்தாக வேண்டுமா என்று அத்தனை விவரமும் விரல் நுனியில் இருந்தது.

அதே மைகார்டை வைத்து இந்த முதியவர்களில் கணிசமானோர் பெறக்கூடிய இன்னோர் உதவி 2019 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் மதிப்பு நூறு வெள்ளி அல்ல. இதயக் குழாய் அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட், கண்புரை அறுவையில் பொருத்தும் வில்லை, முழங்கால் மாற்று மூட்டு போன்றவற்றுக்கு 20,000 ரிங்கிட் வரை உண்டு. அதன் பெயர் 'பெக்கா பி40'. அதே அஞ்சடியில் நின்று இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். "அது என்ன, புது பிரிமா?" என்று பழைய ரொக்க உதவியின் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள்.

நூறு வெள்ளி செய்தி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்ததற்கும், இருபதாயிரம் வெள்ளி செய்தி ஏழாண்டு ஆகியும் தெருமுனையைத் தாண்டாததற்கும் ஏழை முதியவர்களின் அறியாமையைக் காரணம் காட்டுவது சுலபம். நான் அதை ஏற்கவில்லை. திட்டத்தை வகுத்தவர்கள் 'பதிவே தேவையில்லை' என்று ஒரு நல்ல காரியத்தைச் செய்தார்கள். செய்துவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்து போய்விட்டார்கள். பாரத்தை எடுத்த இடத்தில் ஓர் ஆளை வைக்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

முதலில் திட்டத்தைப் பார்த்துவிடுவோம். 2019-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் 10 கோடி ரிங்கிட் ஒதுக்கி அறிவித்தார்கள். சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் புரோடெக்ட்ஹெல்த் நிறுவனம் நடத்துகிறது. அந்த ஆண்டு ஏப்ரலில் முழு அளவில் நடைமுறைக்கு வந்தபோது 50 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் என்றிருந்தது. 2020-இல் வயதை 40-க்கு இறக்கினார்கள். அரசாங்கத்தின் ரொக்க உதவி பெறும், பி40 எனப்படும் குறைந்த வருமானப் பிரிவினரும் அவர்களுடைய கணவன் அல்லது மனைவியும் தாமாகவே தகுதி பெறுவார்கள். மைகார்டு எண்ணைப் புரோடெக்ட்ஹெல்த் இணையப் பக்கத்தில் தட்டிப் பார்க்கலாம். இல்லாவிட்டால் திட்டத்தில் சேர்ந்த ஒரு தனியார் கிளினிக்கில் கார்டைக் கொடுத்துக் கேட்டாலே போதும்.

கிடைப்பவை நான்கு. தனியார் கிளினிக்கிலேயே இலவசப் பரிசோதனை: ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம், எடை, கூடவே மனநலம் பற்றிச் சில கேள்விகள். முடிவு வந்ததும் மருத்துவர் மறுபடியும் கூப்பிட்டு விளக்குவார். அடுத்தது, அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சை பெறும்போது தேவைப்படும் கருவிகளுக்கான உதவி. மூன்றாவது, புற்றுநோய்ச் சிகிச்சையைப் பாதியில் விடாமல் முடிப்பவர்களுக்கு மொத்தம் 1,000 ரிங்கிட் ஊக்கத்தொகை. நான்காவது, மருத்துவமனைக்குப் போய்வர வழிச்செலவு. தீபகற்பத்தில் 500 ரிங்கிட் வரை, சபா, சரவாக், லாபுவானில் 1,000 வரை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பின்னால் சொன்ன மூன்றுக்கும் வாசற்கதவு அந்தப் பரிசோதனைதான். அதைச் செய்துகொள்ளாதவருக்கு மற்ற மூன்றும் திறக்காது.

இதைக் காப்புறுதி என்று அழைக்கலாமா என்று கேட்கலாம். கறாராகச் சொன்னால் இல்லை. இதில் சந்தாவும் இல்லை, பத்திரமும் இல்லை. உண்மையான காப்புறுதி ஒன்றும் அதே ஆண்டு வந்தது. 2019 ஜனவரி 24-ஆம் தேதி தொடங்கிய 'மைசலாம்' ஒரு தக்காஃபுல் திட்டம். கிரேட் ஈஸ்டர்ன் நிறுவனம் ஒப்புக்கொண்ட 200 கோடி ரிங்கிட்டில் எழுந்தது. கடும் நோய் வந்தால் 8,000 ரிங்கிட், வார்டில் படுத்தால் நாளுக்கு 50. ஆனால் அதற்கு முதலில் வைத்த வயது வரம்பு 55. பிறகு 65 ஆக்கினார்கள். மனிதருக்கு நோய் வரிசைகட்டி வரத் தொடங்கும் வயதில் காப்புறுதி விடைபெற்றுக்கொள்கிறது. காப்புறுதிக் கணக்கே அப்படித்தான். அதனால்தான் வயதான ஏழைக்குக் காப்புறுதி என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால், சந்தா கேட்காத பெக்காவைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அரசாங்க மருத்துவமனை இருக்கிறதே, ஒரு வெள்ளிக்கு வைத்தியம் பார்க்கிறார்களே, பிறகு இது எதற்கு என்றும் சிலர் கேட்பார்கள். உண்மைதான். 60 வயது தாண்டிய குடிமக்களுக்கு அந்த ஒரு வெள்ளி வெளிநோயாளர் கட்டணம்கூட இல்லை. மருத்துவர் இலவசம், மருந்து இலவசம், மூன்றாம் வகுப்பு வார்டு ஏறக்குறைய இலவசம். ஆனால் உடலுக்குள் வைக்கும் பொருள் இலவசமில்லை. முழங்காலைத் திறந்து மூட்டை மாற்ற மருத்துவர் தயார், அறுவைக்கூடம் தயார். மூட்டுக்கான சில ஆயிரம் வெள்ளிக்கு மட்டும் குடும்பம் அலைய வேண்டும். அப்போதுதான் மகன் கூட்டுக்காசு எடுக்கிறான், மகள் நகையை 'பஜாக்' கடைக்குக் கொண்டு போகிறாள், தமிழ் நாளிதழ்களில் படத்தோடு உதவி கோரும் செய்தி வருகிறது. அப்படி உதவி கேட்டு வரும் குடும்பங்களில் எத்தனை பேரின் மைகார்டு எண் பெக்கா பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது என்பதை, செய்தி போடுவதற்கு முன் நாளிதழ்காரர்களாவது பார்க்கலாம்.

பட்டியலில் இருப்பவரும் ஏன் போவதில்லை? ஒரு கிளினிக் கவுண்டரில் காதில் விழுந்த உரையாடலை அப்படியே தருகிறேன். எழுபதைத் தாண்டிய பாட்டி. கையில் துணிப்பை, காலில் வீக்கம். இருமலுக்கு மருந்து வாங்க வந்திருந்தார்.

"பாட்டி, ஐசி குடுங்க. பெக்காவுல பேர் இருக்கானு பாக்குறேன்."

"எதுக்கும்மா ஐசி? நான் இருமலுக்குத்தான் வந்தேன்."

"இருமலுக்கு மடானியில பாத்துக்கலாம். இது வேற பாட்டி. ரத்தம் எடுத்து இனிப்புநீரு, கொழுப்பு, கிட்னி எல்லாம் பாப்பாங்க. காசு கிடையாது."

"காசு இல்லாம எவன் ரத்தம் எடுப்பான்?"

கவுண்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே கார்டை வாங்கித் தட்டிப் பார்த்தாள். "பேரு இருக்கு பாட்டி."

பாட்டியின் முகம் மாறியது. "என் பேர யாரு குடுத்தா?"

மருமகளைக் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி, இருமல் மருந்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளாகப் பிள்ளைகள் அவருக்குச் சொல்லிக்கொடுப்பதே இதுதான்: தெரியாதவன் போன் பண்ணினால் எடுக்காதே, ஐசி எண்ணைச் சொல்லாதே, இலவசம் என்று எவன் சொன்னாலும் நம்பாதே. மக்காவ் மோசடியில் வாழ்நாள் சேமிப்பை இழந்த முதியவர்களின் கதை வாரந்தோறும் வருகிற நாட்டில் அது சரியான பாடம்தான். ஆனால் அந்தப் பாடத்தைக் கற்ற ஒருவருக்கு, கேட்காமலேயே தன் பெயர் ஒரு கணினியில் இருக்கிறது, இலவசமாக ரத்தம் எடுக்க அழைக்கிறார்கள் என்பது எப்படிக் கேட்கும்? தானாகத் தகுதி பெறுதல் என்பது அமைச்சின் கண்ணுக்கு வசதி. பாட்டியின் கண்ணுக்குப் பொறி. தன் கையால் பாரம் எழுதிப் போட்டிருந்தால் வரப்போகும் கடிதத்தை எதிர்பார்த்திருப்பார். கேட்காத ஒன்றை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

இருமலுக்கு 'மடானி' என்று அந்தப் பெண் சொன்னாளே, அதுவும் ஒரு குழப்பம். 2023 ஜூன் 15-ஆம் தேதி தொடங்கிய மடானி மருத்துவத் திட்டம் காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு போன்ற திடீர் நோவுகளுக்குத் தனியார் கிளினிக்கில் இலவசமாக வைத்தியம் பார்க்க வந்தது. முதலில் அறிவித்த பத்து மாவட்டங்களில் கோலாலம்பூர், கிள்ளான், பெட்டாலிங் எல்லாம் அடக்கம். துணையில்லாத முதியவருக்கு ஆண்டுக்கு 125 ரிங்கிட் வரை என்று வகுத்தார்கள். கிளினிக் ஒன்றாகவே இருக்கலாம், பட்டியலும் ஒன்று, நடத்தும் நிறுவனமும் ஒன்று. ஆனால் திட்டம் வேறு. சிலாங்கூர் மாநில அரசு தனியாக ஒரு மருத்துவ உதவித் திட்டம் வைத்திருக்கிறது. கிள்ளானில் இருக்கும் அக்காவுக்கு அது உண்டு, கூட்டரசுப் பிரதேசத்தைச் சேர்ந்த பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் தங்கைக்கு இல்லை. தீபாவளிக்கு வந்த அக்கா தன் கார்டைக் காட்டி, "நீ ஏன் எடுக்கல?" என்று கேட்பாள். தங்கை போய்க் கேட்டு, இல்லை என்ற பதிலோடு திரும்பி வந்து, இனி எந்தக் கார்டும் வேண்டாம் என்று உட்கார்ந்துவிடுவாள்.

பதிவே தேவையில்லை என்பதும் முழு உண்மையில்லை. பாரம் ஒழியவில்லை; இடம் மாறியிருக்கிறது. பெக்காவின் பட்டியல் ரொக்க உதவியின் பட்டியல். பிரிம் என்று தொடங்கி, பந்துவான் சாரா ஹிடுப், பிரிஹாத்தின் ரக்யாட், கெலுவார்கா மலேசியா என்று ஆட்சிக்கொரு பெயர் மாறி, இப்போது ரஹ்மா ரொக்க உதவியாக, எஸ்டிஆர் என்ற மூன்றெழுத்தில் நிற்கும் அதே உதவி. அதற்கு உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் விண்ணப்பித்திருக்க வேண்டும், விவரங்கள் மாறினால் புதுப்பிக்க வேண்டும். வருமான வரி என்ற சொல்லைக் கேட்டாலே நம் முதியவர்களில் பாதிப் பேர் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார்கள்.

அங்கே விடுபட்டவர் இங்கேயும் விடுபடுகிறார். எப்படி விடுபடுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஒரு பெரியவர், "மகன் ஆறாயிரம் சம்பாதிக்கிறான், எனக்கு எப்படிக் குடுப்பான்?" என்று விண்ணப்பமே போடவில்லை. எஸ்டிஆர் கணக்கில் பார்ப்பது கணவன் மனைவி வருமானம். மகன் சம்பளத்தை அல்ல. துணையில்லாத 60 வயதுக்காரர் தன் மாத வருமானம் 5,000 ரிங்கிட்டுக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அந்த வரம்புக்குள் வராத பிரிக்பீல்ட்ஸ் பாட்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இன்னொரு வகை கைம்பெண்கள். உதவி கணவர் பெயரில் வந்துகொண்டிருந்தது. அவருடைய துணைவி என்ற முறையில் பெக்காவிலும் இருந்தார். கணவர் காலமானார். கருமாதி, இறப்புப் பத்திரம், வங்கிக் கணக்கு முடக்கம் என்று மாதங்கள் ஓடின. தன் பெயரில் தனியாக விண்ணப்பித்தாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. துணை இழந்து, உடம்பும் தளர்ந்து, மருத்துவ உதவி அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் பெயர் பட்டியலிலிருந்து நழுவுகிறது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, திட்டத்தின் அமைப்பே அப்படி.

பரிசோதனைக்குப் போகாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும்? 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அவர்களில் ஐந்தில் இரண்டு பேருக்குத் தங்களுக்கு அந்நோய் இருப்பதே தெரியாது. 2019-இல் எடுத்த ஆய்வில் இந்தியர்களிடையே இந்நோய் பத்தில் மூன்று பேர் என்ற அளவில் இருந்தது. எல்லா இனங்களிலும் நாம்தான் முதலிடம். இந்த ஒன்றில் முதலிடம் வேண்டாம் என்று கல்யாண மேடைகளில் பேசிப் பேசி நம் தலைவர்களுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். பந்தியில் கேசரி குறையவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் நீரிழிவுக்கு ஒரு தனி அர்த்தம் உண்டு. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-இலிருந்து இயங்குவது. அதன் வளாகம் இங்கேதான் இருக்கிறது. வெள்ளைக் கோலுடன் நடப்பவர்களும், பார்வையற்ற மசாஜ் நிபுணர்களும் இந்தத் தெருவின் அன்றாடக் காட்சி. நடைபாதையில் பதித்த மஞ்சள் மேடுகளை மறைத்து மோட்டார் சைக்கிள் நிறுத்துகிறவர்களைத் திட்டாத பிரிக்பீல்ட்ஸ்காரர் இருக்க முடியாது. பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களும் சிறுவயதில் இழந்தவர்களும் தம் வாழ்க்கையைக் கட்டிக்கொண்ட இடம் இது. ஐம்பது, அறுபது வயதில், இனிப்புநீர் விழித்திரையைத் தின்றதால் பார்வை இழக்கிறவர் கதை வேறு. அவருக்குக் கோல் பிடிக்கப் பழக வயதில்லை, பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போகிறார். சிறுநீரகம் போனவர்கள் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நிலையத்துக்குப் போகிறார்கள். நாட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் 50,000-க்கும் மேல். இவை எல்லாவற்றுக்கும் பல ஆண்டு முன்னால் ஒரு சிறு ரத்தக்குப்பியில் தடயம் இருந்திருக்கும். அந்தக் குப்பிக்குத்தான் பெக்கா காசு கொடுக்கிறது.

நமக்கு மருத்துவம் வாசலுக்கு வந்த காலம் ஒன்று இருந்தது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். தோட்ட ஆஸ்பத்திரி வைக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் காலத் தொழிலாளர் சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தியது. துரை ஒன்றும் கருணையால் செய்யவில்லை. மலேரியாவில் ஆள் செத்தால் பால் வெட்ட ஆளில்லை. காரணம் எதுவானாலும், காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வராத ஆள் எங்கே என்று கேட்க ஒருவர் இருந்தார். கங்காணி லயத்துக்குப் போய்ப் பார்ப்பார், தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளரான டிரெசர் பின்னாலேயே வருவார். அந்த டிரெசரிடம் இருந்தது கொய்னாவும் அரைகுறைப் படிப்பும்தான். அவரைப் பற்றித் தோட்டத்து நகைச்சுவைகள் நிறைய. ஆனால் எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தாமான்களாகி, மக்கள் அடுக்குமாடிகளுக்கு வந்தபோது பெரட்டும் போனது, டிரெசரும் போனார். நல்லதுக்குத்தான். போன இடத்தில், யார் வரவில்லை என்று கேட்கிற ஆள் மட்டும் இன்னும் வரவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் கதை கொஞ்சம் வேறு. இது ரயில்வே ஊர். ஜாலான் ரொசாரியோவில் இருந்து, பின்னர் இடிக்கப்பட்ட ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் வீடுகளில் இருந்த தலைமுறைக்கு அரசாங்க ஓய்வூதியம் இருந்தது. அதோடு மருத்துவ வசதியும் வந்தது. அந்தத் தாத்தாக்கள் ஆஸ்பத்திரிக் கவுண்டரில் ஓய்வூதிய அட்டையைக் காட்டிவிட்டு நேராக உள்ளே போவார்கள். 1992-இல் ரயில்வே நிறுவனமயமானது. அதற்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குச் சேமநிதிதான். அவர்களில் முதலில் சேர்ந்தவர்கள் இப்போது அறுபதை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு இருந்த அட்டை மகனிடம் இல்லை. மகன் அதை ஓய்வு பெற்ற பிறகுதான் உணர்கிறார்.

வெளியூர்களில் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவில் 65 வயதாகும்போது மெடிகேரில் சேர ஏழு மாத அவகாசம் உண்டு. தக்க காரணமின்றித் தவறவிட்டால், மருத்துவர் கட்டணத்துக்கான பிரிவில், தாமதித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் மாதச் சந்தா பத்து விழுக்காடு ஏறும். அது பெரும்பாலும் ஆயுளுக்கும் தொடரும். கொடுமைதான், ஆனால் அந்தப் பயத்தில் ஊரே தேதியை நினைவு வைத்திருக்கிறது. இந்தியா 2024 அக்டோபர் 29-ஆம் தேதி வேறொன்று செய்தது. 70 வயதைக் கடந்தவர் ஏழையா, பணக்காரரா என்று கேட்பதை விட்டுவிட்டு, எல்லோருக்கும் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் மருத்துவமனைக் காப்பீடு என்று அறிவித்தது. அங்கும் ஆதாரைக் காட்டிப் பதிவுசெய்ய வேண்டும், அங்கும் சிக்கல்கள் இருக்கின்றன. ஆனால் தகுதி என்ன என்று யாரும் குழம்ப வேண்டியதில்லை. வயது எழுபது. முடிந்தது.

நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் பாடம் சிங்கப்பூர். 2014-இல் முன்னோடித் தலைமுறைக்கான மருத்துவச் சலுகைகளை அறிவித்தபோது, கடிதம் போட்டால் கிழவர்கள் படிக்கமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்கென்று ஓர் அலுவலகம் திறந்து, தொண்டூழியர்களைப் பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்பினார்கள். முதியவருக்குப் புரிகிற மொழியில், சீன வட்டார வழக்காக இருந்தாலும் சரி, தமிழாக இருந்தாலும் சரி, உட்கார்ந்து விளக்கினார்கள். அந்த அலுவலகம் இன்றும் வேறு பெயரில் இயங்குகிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இன்னும் ஒரு படி மேலே போனது. ஊர்ப் பெண் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார், சர்க்கரை பார்க்கிறார், மாத்திரையைக் கையில் கொடுக்கிறார். 2024-இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. தமிழ்நாட்டை எதற்கெடுத்தாலும் உதாரணம் காட்டுவது எனக்குப் பிடிக்காது. அங்கே நடப்பதெல்லாம் இங்கே நடக்காது. ஆனால் பாட்டியின் "யாரு குடுத்தா என் பேர?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த, அதே தெருவில் குடியிருக்கும் ஒரு பெண்ணை அனுப்புவதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

புரோடெக்ட்ஹெல்த்திடம் பட்டியல் இருக்கிறது. யார் தகுதி பெற்றவர், அவர்களில் யார் பரிசோதனைக்கு வந்தார், யார் வரவில்லை என்பது அதன் கணினியில் தெரியும். வராதவர்களை வட்டாரவாரியாகப் பிரித்து, சுகாதார அலுவலகம் வழி தேடிப்போக என்ன தடை? தனியுரிமைச் சட்டம் என்பார்கள். அரசாங்க ஊழியர் ஒருவர் அடையாள அட்டையைக் காட்டிக் கதவைத் தட்டுவதில் என்ன மீறல் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்து, 60 வயதைக் கடந்தவர்களுக்கு எஸ்டிஆர் நிபந்தனையையே எடுத்துவிடலாம். சாராவில் 2 கோடியே 20 லட்சம் பேரை வருமானம் கேட்காமல் சேர்க்க முடிந்தது. கருவி உதவிக்கு வருமானம் பாருங்கள், அது பெரிய தொகை. ரத்தப் பரிசோதனைக்கு எதற்கு வருமானக் கணக்கு?

நம் பக்கத்துக்கும் வருவோம். பிரிக்பீல்ட்ஸில் கோயில்களுக்குக் குறைவில்லை; சங்கங்களுக்கும் குறைவில்லை. ரத்ததான முகாம் நடத்துகிறோம், இலவசக் கண் பரிசோதனை என்று பதாகை கட்டுகிறோம், நாடாளுமன்ற உறுப்பினரை அழைத்து மாலை போடுகிறோம். முகாமில் சர்க்கரை 15 என்று காட்டினால் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அந்தச் சீட்டு எங்கே போகிறது என்று எவருக்கும் தெரியாது. அதே முகாமில் ஒரு மேசை போட்டு, மடிக்கணினியோடு இரண்டு கல்லூரிப் பிள்ளைகளை உட்காரவைத்து, வருகிற ஒவ்வொரு முதியவரின் பெக்கா தகுதியையும் பார்த்து, எஸ்டிஆர் இல்லாதவருக்கு அங்கேயே விண்ணப்பம் போட்டு, திட்டத்தில் இருக்கிற கிளினிக்கில் நாள் வாங்கிக் கொடுத்தால் போதும். மாலைச் செலவைவிடக் குறைவு. பாட்டி மருமகளைக் கேட்க வேண்டும் என்றாரே, அந்த மருமகள் ஞாயிற்றுக்கிழமை கோயிலில்தான் இருப்பாள்.

நடுத்தர வர்க்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தத் திட்டங்கள் எதிலும் சேராமல், சொந்தக் காசில் தனியார் காப்புறுதி எடுத்து வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், சிறு வியாபாரிகள் இந்தத் தெருவில் நிறைய. 2024 இறுதியில் சந்தா கிடுகிடுவென்று ஏறியபோது அவர்கள் பட்ட பாடு ஊரறிந்தது. டிசம்பர் 20-ஆம் தேதி பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்றாண்டுகளுக்குப் பரப்பச் சொன்னது; 60 வயதைத் தாண்டி, தம் திட்டத்திலேயே மிகக் குறைந்த காப்பு வைத்திருப்பவர்களுக்கு ஓராண்டு உயர்வை நிறுத்தியது. அது மூச்சு வாங்கக் கிடைத்த இடைவெளிதான். சந்தா கட்ட முடியாமல் பத்திரத்தைக் கைவிடுகிறவர்கள் அரசாங்க மருத்துவமனைக்குத்தான் வருவார்கள். அவர்களில் வருமானம் குன்றியவர்கள் எஸ்டிஆருக்கும் பெக்காவுக்கும் தகுதி பெறக்கூடும். கேட்கத்தான் கூச்சம். "அது ஏழைங்களுக்கு" என்பார்கள்.

எல்லாக் கதவும் தட்டிய பிறகும் திறக்காத ஒரு கூட்டம் உண்டு. சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள். சுதந்திரத்துக்கு முன்னே தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டு, இந்த மண்ணை விட்டு வேறெங்கும் போகாமலேயே அந்நியராகிப்போன கிழவர்கள். எஸ்டிஆர் குடிமக்களுக்கு மட்டும். ஆகவே பெக்காவும் குடிமக்களுக்கு மட்டும். 2011-இல் 'மைடஃப்தார்' என்ற பெயரில் பதிவு இயக்கம் நடந்தது. 2017 ஏப்ரலில் வந்த மலேசிய இந்தியர் பெருந்திட்டத்தில் மறுபடியும் உறுதி சொன்னார்கள். 2018-இல், 60 வயதைத் தாண்டிய சிவப்பு அட்டை இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை என்று அப்போதைய பிரதமர் துன் மகாதீர் அறிவித்தார். ஒவ்வோர் அறிவிப்புக்கும் நடுவில் சிலர் செத்துப்போனார்கள். தேசியப் பதிவிலாகாவில் கோப்பு நகர்வதற்கு அதற்கான காலம் எடுக்கும். அதை நான் இங்கே விவாதிக்கவில்லை. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்கக் கோப்பு நகர வேண்டியதில்லை என்பதுதான் என் வாதம்.

குடியுரிமை பார்க்காமல் கொடுப்பதை அரசாங்கம் முன்பு செய்தும் இருக்கிறது. 2021-இல் கோவிட் தடுப்பூசி போட்டபோது குடிமக்கள், நிரந்தரவாசிகள், அந்நியத் தொழிலாளர்கள், ஆவணமே இல்லாதவர்கள் என்று எல்லோருக்கும் இலவசம் என முடிவெடுத்தார்கள். தனியார் கிளினிக்குகளைத் தடுப்பூசிப் பணியில் இணைத்து நிர்வகிக்கும் பொறுப்பு அப்போது கொடுக்கப்பட்டது புரோடெக்ட்ஹெல்த் நிறுவனத்திடம்தான்.